விசிலுக்குப் பிறகு

பொங்கல் நெருங்கிவிட்டால் காரைக்கால் பக்கத்துச் சுவர்களில் தொடர்போட்டி நோட்டீஸ்கள் ஏறத் தொடங்கும். கபடி, வாலிபால், கால்பந்து, டென்னிஸ் பந்து கிரிக்கெட் என்று ஆட்டம் மாறும். நோட்டீஸின் அமைப்பு பெரும்பாலும் மாறாது. பரிசுத் தொகை, அதை வழங்குபவர் பெயர், நுழைவுக்கட்டணம், தொடர்புக்கு நாலைந்து செல்பேசி எண்கள். அடியில் பொடி எழுத்தில் ஒரு வரி இருக்கும்: நடுவர் தீர்ப்பே இறுதியானது. பல நோட்டீஸ்களில் அதற்கு ஒரு வரி மேலேயோ கீழேயோ இன்னொன்றும் இருக்கும்: விதிமுறைகளை மாற்ற விழாக்குழுவுக்கு முழு உரிமை உண்டு. இரண்டையும் சேர்த்துப் படித்தால் ஒன்றை ஒன்று அடித்துக்கொள்வது தெரியும். தீர்ப்பு நடுவருடையதா, குழுவுடையதா? ஆட்டம் ஓடிக்கொண்டிருக்கும்வரை இந்தக் கேள்வியை யாரும் எழுப்புவதில்லை. கடைசி விசில் ஊதிய பிறகுதான் அது எழும். தோற்ற அணி மேசையைச் சூழ்ந்துகொள்ளும். “சார், அது டச்சே இல்ல சார்” என்று ஒருவர் தொடங்குவார். மைக் வைத்திருப்பவர் அமைதி காக்கச் சொல்லுவார். அந்தக் கால்மணி நேரத்தில் நடுவருக்கு என்ன அதிகாரம் இருக்கிறது, அவர் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதை நோட்டீஸ் சொல்வதில்லை. ஆட்டத்தின் மானம் அந்தக் கால்மணி நேரத்தில்தான் நிற்கிறது அல்லது விழுகிறது என்பதால் இதை ஊர் அளவிலேயே பேச வேண்டியிருக்கிறது.

முதலில், ஆட்டம் எப்போது முடிகிறது என்பதே நாம் நினைக்கிற அளவுக்கு எளிதான கேள்வி இல்லை. கால்பந்தின் ஐந்தாம் விதி நடுவரைப் பற்றியது. ஆட்டத்துக்கு முன் களத்தைச் சோதிக்க உள்ளே நுழையும் நேரத்திலிருந்து, ஆட்டம் முடிந்து களத்தை விட்டு வெளியேறும் நேரம்வரை, ஒழுங்கு நடவடிக்கை எடுக்கும் அதிகாரம் அவருக்கு உண்டு என்கிறது அது. அதாவது விசில் ஊதியதோடு சிவப்பு அட்டை செத்துப்போவதில்லை. 2006 உலகக் கோப்பைக் காலிறுதியில் ஜெர்மனியிடம் பெனால்டிகளில் தோற்ற அர்ஜென்டினா வீரர்கள் கைகலப்பில் இறங்கியபோது, அன்று களத்தில் இறங்கவே இல்லாத மாற்று ஆட்டக்காரர் லியாண்ட்ரோ குஃப்ரே சிவப்பு அட்டை வாங்கினார். 2020 செப்டம்பரில் பிரைட்டன், மான்செஸ்டர் யுனைடெட் அணிகளின் ஆட்டத்தில் நடுவர் கிறிஸ் கவனா கடைசி விசிலை ஊதிவிட்டார். அதன்பின் காணொளி நடுவரின் தகவல் வந்தது, பெனால்டி கொடுத்தார், புருனோ ஃபெர்னாண்டஸ் அடித்த கோலில் யுனைடெட் 3–2 என வென்றது. விசிலுக்குப் பிறகு கோலா என்று பார்த்தவர்கள் திகைத்தார்கள். ஆனால் நடுவர் இன்னும் களத்தை விட்டுப் போகவில்லை, ஆகவே விதிக்கு உட்பட்டுத்தான் செய்தார். கிரிக்கெட் வேறு இடத்தில் கோடு போடுகிறது. ஸ்கோரர்களோடு உட்கார்ந்து ஓட்டக் கணக்கைச் சரிபார்த்து நடுவர்கள் ஒப்புக்கொண்டுவிட்டால், அதற்குப் பிறகு முடிவை மாற்ற முடியாது. அதற்கு முன், எல்லாரும் களத்தை விட்டு வந்த பிறகே கூட்டலில் பிழை தெரியவந்தாலும், ஓவரும் நேரமும் மிச்சமிருந்தால், எந்த அணியும் தோல்வியை ஒப்புக்கொள்ளாத வரையில், ஆட்டத்தைத் தொடரச் சொல்வது நடுவர்களின் கடமை. கோடு எங்கே என்பதில் ஆட்டத்துக்கு ஆட்டம் வேறுபாடு இருக்கலாம். ஆனால் கோடு என்று ஒன்று எல்லா ஆட்டத்திலும் இருக்கிறது, அது எங்கே இருக்கிறது என்று நடுவருக்குத் துல்லியமாகத் தெரிந்திருக்க வேண்டும்.

தெரியாமல் போனால் என்ன ஆகும் என்பதற்கு 2007 ஏப்ரல் 28 சாட்சி. பார்படோஸில் கிரிக்கெட் உலகக் கோப்பை இறுதி ஆட்டம், ஆஸ்திரேலியாவும் இலங்கையும். மழையால் ஓவர்கள் முதலில் 38 ஆகவும், இலங்கை ஆடும்போது 36 ஆகவும் குறைந்தன. 33 ஓவர் முடிந்த நிலையில் வெளிச்சம் போய்விட்டது. இலங்கை மட்டையாளர்கள் வெளிச்சக் குறைவை ஏற்று நடந்தார்கள். ஆஸ்திரேலியர்கள் கட்டித் தழுவிக் கொண்டாடத் தொடங்கினார்கள். இருபது ஓவர் வீசப்பட்டுவிட்டால் முடிவு செல்லும் என்பது அந்தப் போட்டியின் விதி. அதாவது ஆட்டம் முடிந்துவிட்டது. ஆனால் அங்கிருந்த நடுவர்கள் முடியவில்லை, மீதி ஓவரை வீசியாக வேண்டும் என்றார்கள். ஸ்டீவ் பக்னர், அலீம் தார், மூன்றாம் நடுவர் ரூடி கோர்ட்சன், நான்காம் நடுவர் பில்லி பௌடன், போட்டி அலுவலர் ஜெஃப் குரோவ் என்று உலகின் மிக அனுபவசாலிகள் ஐந்து பேர். ஒருவருக்கும் சட்டெனச் சரியான விதி நினைவுக்கு வரவில்லை. இரு கேப்டன்களும் பெருந்தன்மையாகப் பேசி, சுழற்பந்து மட்டும் வீசுவது என்று ஒப்புக்கொண்டு, கண் தெரியாத இருட்டில் மூன்று ஓவரை ஒப்பேற்றினார்கள். அந்த ஐவரையும் அதே ஆண்டு நடந்த முதல் இருபது ஓவர் உலகக் கோப்பையிலிருந்து சர்வதேசக் கிரிக்கெட் கவுன்சிலான ஐ.சி.சி. விலக்கி வைத்தது. யாரும் யாரையும் ஏமாற்றவில்லை, யாரும் காசு வாங்கவில்லை. ஆட்டம் முடிந்த இடம் எது என்ற ஒன்றை மட்டும் அவர்கள் தவறவிட்டார்கள். கோடிக்கணக்கானோர் பார்த்த இறுதி ஆட்டம் சங்கடத்தில் முடிந்தது.

இனி அடுத்த கட்டம். கோட்டைத் தாண்டிய பிறகு, முடிவு தவறு என்று தோன்றினால் மாற்றலாமா? இதற்கு ஓவல் டெஸ்ட்டைப் போலப் பாடம் சொல்லும் வழக்கு வேறில்லை. 2006 ஆகஸ்ட் 20, இங்கிலாந்தும் பாகிஸ்தானும் மோதிய நான்காவது டெஸ்ட்டின் நான்காம் நாள். பாகிஸ்தான் வீரர்கள் பந்தைச் சேதப்படுத்தினார்கள் என்று நடுவர்கள் டாரெல் ஹேர், பில்லி டாக்ட்ரோவ் இருவரும் முடிவு செய்து இங்கிலாந்துக்கு 5 ஓட்டம் கொடுத்தார்கள், பந்தையும் மாற்றினார்கள். தேநீர் இடைவேளைக்குப் பின் பாகிஸ்தான் அணி அறையை விட்டு வரவில்லை. நடுவர்கள் பெயில்ஸைத் தட்டிவிட்டுப் போனார்கள். பின்னர் அணி வெளியே வந்தபோது ஆட்டம் முடிந்துவிட்டது என்று மறுத்தார்கள். டெஸ்ட் வரலாற்றில் முதல்முறையாக ஓர் அணி ஆட மறுத்துத் தோற்றதாக எழுதப்பட்டது. அடுத்த மாதம் இலங்கையின் ரஞ்சன் மடுகல்லே விசாரணை நடத்தினார். பந்தைச் சேதப்படுத்தியதற்குப் போதிய ஆதாரம் இல்லை என்று கேப்டன் இன்சமாமை அந்தக் குற்றச்சாட்டிலிருந்து விடுவித்தார். களத்துக்கு வர மறுத்து ஆட்டத்துக்கு இழுக்குத் தேடியதற்காக நான்கு ஒருநாள் ஆட்டங்களுக்குத் தடை விதித்தார். இந்தத் தீர்ப்பின் அழகைக் கவனிக்க வேண்டும். ஆட்டத்தின் முடிவை அது தொடவில்லை. ஆனால் ஏமாற்றுக்காரன் என்று விழுந்த பெயரைத் துடைத்துவிட்டது. தோல்வி வேறு, பழி வேறு. தோல்வி நின்றது, பழி நீங்கியது. அத்தோடு விட்டிருந்தால் காயம் ஆறியிருக்கும். 2008 ஜூலையில் ஐ.சி.சி. தலையிட்டு, ஈராண்டுக்கு முன் முடிந்துபோன ஆட்டத்தை டிரா என்று மாற்றி எழுதியது. மேற்கிந்தியத் தீவுகளின் முன்னாள் வேகப்பந்து வீச்சாளர் மைக்கேல் ஹோல்டிங் அதை எதிர்த்து ஐ.சி.சி.யின் கிரிக்கெட் குழுவிலிருந்து விலகினார். விதிகளின் காப்பாளரான எம்.சி.சி., ஐ.சி.சி.க்கு அப்படி மாற்றும் அதிகாரமே கிடையாது என்றது. 2009 பிப்ரவரியில் மறுபடி இங்கிலாந்து வென்றதாகவே திருத்தினார்கள். ஒரே ஆட்டத்துக்கு மூன்று ஆண்டில் மூன்று முறை முடிவு எழுதப்பட்டது. யாருக்கு நியாயம் கிடைத்தது? இங்கிலாந்துக்கும் இல்லை, பாகிஸ்தானுக்கும் இல்லை. கூட்டத்தில் எந்த வாரியத்தின் கை ஓங்கியதோ அதன் பக்கம் முடிவு சாயும் என்ற எண்ணம் மட்டும் பலர் மனத்தில் பதிந்தது.

இங்கே நியாயமான ஓர் எதிர்வாதம் எழும். நடுவரும் மனிதர்தானே, தவறு செய்வாரே. தவறு என்று எல்லாருக்கும் தெரிந்த பிறகும் அதையே பிடித்துக்கொண்டு நிற்பது அநியாயம் இல்லையா? அந்தக் கேள்வியில் வலி இருக்கிறது, அதைத் தட்டிக்கழிக்க முடியாது. 2010 ஜூன் 2 அன்று டெட்ராய்ட்டில் நடந்த பேஸ்பால் ஆட்டத்தில் அர்மாண்டோ கலராகா என்ற வீச்சாளர் தொடர்ந்து 26 பேரை ஒருவரும் முதல் தளத்தைத் தொடாதபடி ஆட்டமிழக்கச் செய்திருந்தார். இன்னும் ஒருவர் போனால் நூறாண்டுக்கும் மேலான வரலாற்றில் அதுவரை இருபது பேரே எட்டிய ஒரு சாதனை. 27ஆவது ஆளும் தெளிவாக அவுட். நடுவர் ஜிம் ஜாய்ஸ் இல்லை என்று கையை விரித்துவிட்டார். ஆட்டம் முடிந்து பதிவைப் பார்த்தவர் உடைந்துபோனார். தவறு என்னுடையது, அந்த இளைஞனின் சாதனையை நான் பறித்துவிட்டேன் என்று செய்தியாளர்களிடம் வெளிப்படையாகச் சொன்னார். கலராகாவை நேரில் பார்த்து வருத்தம் தெரிவித்தார். மறுநாள் ஆட்டத்துக்கு முன் அணிப் பட்டியலை நடுவரிடம் கொண்டுவந்து கொடுத்தவர் கலராகாதான். வாங்கியவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். முடிவை மாற்றச் சொல்லி எவ்வளவோ பேர் கேட்டும் லீகின் தலைவர் மாற்றவில்லை. கலராகாவுக்கு இழப்பு ஏற்பட்டது உண்மை. ஆனால் அன்றிரவு ஜாய்ஸ் சொன்ன நாலு வார்த்தை இல்லாமல் போயிருந்தால் அந்த இழப்பு பகையாகியிருக்கும். முடிவைத் திருத்துவது ஒன்று, உண்மையைச் சொல்வது வேறொன்று. முதலாவதற்குக் கதவு மூடிய பிறகும் இரண்டாவதற்குத் திறந்தே இருக்கிறது. 2019 கிரிக்கெட் உலகக் கோப்பை இறுதியின் கடைசி ஓவரில், இங்கிலாந்தின் ஸ்டோக்ஸ் மட்டையில் பட்டுப் பந்து எல்லைக்கு ஓடியபோது 5 கொடுத்திருக்க வேண்டிய இடத்தில் 6 கொடுத்தவர் இலங்கையின் குமார் தர்மசேன. தொலைக்காட்சிப் பதிவைப் பார்த்த பிறகு அது தவறான கணிப்பு என்று அவர் ஒப்புக்கொண்டார். ஆனால் அந்த நேரத்தில் எடுத்த முடிவுக்காக வருந்த மாட்டேன் என்றும் சொன்னார். பலருக்கு அந்தப் பின்பாதி பிடிக்கவில்லை. என் பார்வையில் அதுவும் நேர்மைதான். பதிவைப் பார்க்கும் வசதி இல்லாமல், கண்ணில் பட்டதை வைத்து, கூடநின்ற நடுவரைக் கலந்து முடிவு சொன்னவர், ஊர் திட்டுகிறதே என்று நடிப்பாக அழ வேண்டியதில்லை.

அப்படியென்றால் திருத்தத்துக்கு வழியே இல்லையா? இருக்கிறது, ஆட்டம் உயிரோடு இருக்கும்போது. 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக் ஜிம்னாஸ்டிக்ஸில் கொரியாவின் யாங் டே யங்குக்கு ஒரு பயிற்சியின் தொடக்க மதிப்பை 10க்குப் பதில் 9.9 என்று போட்டுவிட்டார்கள். அந்த 0.1 இல்லாததால் அமெரிக்காவின் பால் ஹாம் தங்கம் வென்றார், யாங்குக்கு வெண்கலம். தவறு ஒப்புக்கொள்ளப்பட்டது, மூன்று அலுவலர்கள் இடைநீக்கம் செய்யப்பட்டார்கள். ஆனாலும் விளையாட்டுக்கான சர்வதேச நடுவர் மன்றம் பதக்கத்தை மாற்ற மறுத்தது. எதிர்ப்பைப் போட்டி நடக்கும்போதே தெரிவித்திருக்க வேண்டும் என்றது. இதற்கு நேர் எதிர்ப்பக்கம் 2023 ஹாங்ஜோ ஆசியப் போட்டியின் கபடி இறுதி. இந்தியாவும் ஈரானும் 28–28. கடைசி ஒன்றரை நிமிடத்துக்குள் பவன் ஷெராவத் பாடிப் போய் யாரையும் தொடாமல் லாபிக்குள் காலை வைக்கிறார், ஈரான் தடுப்பாட்டக்காரர்கள் பின்னாலேயே பாய்கிறார்கள். பழைய விதிப்படி அவர்களும் அவுட், புதிய விதிப்படி பவன் மட்டும் அவுட். எந்த விதி செல்லும் என்பதிலேயே குழப்பம். தீர்ப்பு இங்கும் அங்கும் மாறியது, இரு அணியும் தரையில் உட்கார்ந்துகொண்டன, ஏறத்தாழ ஒரு மணி நேரம் ஆட்டம் நின்றது. கடைசியில் இந்தியாவுக்கு 4, ஈரானுக்கு 1 என்று கொடுக்க, மீதி ஆட்டம் முடிந்தபோது இந்தியா 33–29 என வென்றது. பார்க்க அசிங்கமாகத்தான் இருந்தது. ஆனாலும் அந்த ஒரு மணி நேரத் தாமதம் ஓவலின் மூன்று ஆண்டு இழுபறியைவிட மேல். ஆட்டம் தொடரும் முன் ஒரு முடிவுக்கு வந்து, அதன் மேல் மீதி ஆட்டத்தை ஆடி முடித்தார்கள்.

இந்த விஷயத்தில் மிகத் தெளிவாக யோசித்து வைத்திருக்கிற ஆட்டம் வாலிபால் என்று சொல்வேன். நம் கடலோர ஊர்களில் கம்பம் நட்டு வலை கட்டிவிட்டால் ஆடிவிடக்கூடிய அதே வாலிபால்தான். நடுவரின் விளக்கத்தைக் கேப்டன் ஏற்கவில்லை என்றால், அந்த இடத்திலேயே, அடுத்த சர்வீஸுக்கு முன், முதல் நடுவரிடம் சொல்லி எதிர்ப்பை ஒதுக்கி வைத்துக்கொள்ளலாம். ஆட்டம் நிற்காது. முடிந்த பிறகு அந்த எதிர்ப்பை ஸ்கோர் ஷீட்டில் எழுத அவருக்கு உரிமை உண்டு. அங்கேயே சொல்லாதவர் பிறகு எழுத முடியாது. எதிர்ப்பு இருந்தாலும் இல்லாவிட்டாலும், ஆட்டம் முடிந்ததும் இரு கேப்டன்களும் நடுவர்களுக்கு நன்றி சொல்லிவிட்டு அந்தத் தாளில் கையெழுத்துப் போட வேண்டும். முடிவை ஏற்றதற்கு அதுதான் அடையாளம். ஒரே ஒரு தாள். அதில் ஒவ்வொரு புள்ளியும் அடிக்கப்பட்டிருக்கும், மாற்று ஆட்டக்காரர் எண் இருக்கும், ஓய்வு கேட்டபோது இருந்த புள்ளிக்கணக்கு இருக்கும், எதிர்ப்பு இருந்தால் அதுவும் இருக்கும், கீழே நடுவர்கள், ஸ்கோரர், கேப்டன்கள் கையெழுத்து இருக்கும். விசிலுக்குப் பிறகு நடுவரின் அதிகாரம் அவர் வாயிலிருந்து அந்தத் தாளுக்கு இறங்கிவிடுகிறது. தீர்ப்பு சொல்பவராக இருந்தவர் நடந்ததை எழுதிச் சாட்சி சொல்பவராகிறார். சாட்சி பலவீனமானால் என்ன ஆகும் என்பதை 2008இல் இந்தியாவும் ஆஸ்திரேலியாவும் ஆடிய சிட்னி டெஸ்ட்டில் பார்த்தோம். ஹர்பஜன் சிங் இனவெறி வசை பேசினார் என்ற புகார் வந்தது; களத்திலிருந்த நடுவர்கள் காதில் எதுவும் விழவில்லை; ஆட்டம் முடிந்தபின் போட்டி அலுவலர் மைக் புரோக்டர் விசாரித்து மூன்று டெஸ்ட் தடை விதித்தார். மேல்முறையீட்டில் நியூசிலாந்து நீதிபதி ஜான் ஹேன்சன், இனவெறிக் குற்றம் நிரூபிக்கப்படவில்லை என்று தடையை நீக்கி, ஆட்டச் சம்பளத்தில் பாதியை அபராதமாக்கினார். ஹர்பஜனின் பழைய குற்றப் பதிவுகள் முழுமையாக நீதிபதியின் கைக்குப் போகவில்லை, ஐ.சி.சி. தரப்பில் நடந்த பிழை என்பதும் பிறகு தெரியவந்தது. இரு நாட்டுக் கிரிக்கெட் உறவையே உலுக்கிய வழக்கு, கடைசியில் யார் எதைக் கேட்டார்கள், எது எழுதப்பட்டது, எது எழுதப்படவில்லை என்பதில் வந்து நின்றது.

எழுதுவது கடமை என்றால், ஆட்டம் முடிந்தபின் நடுவர் எவ்வளவு பேசலாம் என்பதும் அதே அளவு முக்கியம். தமிழ் வாசகருக்கு இதில் மறக்க முடியாத பெயர் முரளிதரன். 1995 டிசம்பர் 26 அன்று மெல்போர்னில் கண்டித் தமிழரான அவருடைய பந்துகளை எறிபந்து என்று டாரெல் ஹேர் மறுபடி மறுபடி நோபால் சொன்னார். அது களத்தில் அவருக்கு இருந்த உரிமை; சரியா தவறா என்று பின்னர் ஆய்வுகள் நடந்தன, விதியே திருத்தப்பட்டது. ஆனால் சில ஆண்டு கழித்துத் தன் சுயசரிதையில், இன்னும் ஆடிக்கொண்டிருக்கும் அந்த வீரரின் பந்துவீச்சை மிகக் கடுமையான சொல்லால் ஹேர் வர்ணித்தார், அதற்காக ஐ.சி.சி.யின் ஒழுங்கு நடவடிக்கைக்கும் ஆளானார். நாளை இதே வீரருக்குத் தீர்ப்பு சொல்ல வேண்டியவர், இன்றே தன் மனத்தை அச்சில் ஏற்றிவிட்டால், அதற்குப் பிறகு அவர் சரியான நோபாலே சொன்னாலும் யார் நம்புவார்கள்? ஜாய்ஸ் பேசியதற்கும் ஹேர் எழுதியதற்கும் இடையே இருக்கிற தூரம் இதுதான்: ஒருவர் தன் தவறைப் பேசினார், இன்னொருவர் பிறர் குறையைப் பேசினார். 1987 டிசம்பரில் பைசலாபாத்தில் இங்கிலாந்துக் கேப்டன் மைக் காட்டிங்கோடு மோதிய நடுவர் ஷகூர் ராணா, எழுத்தில் மன்னிப்பு வரும்வரை களத்துக்கு வர மாட்டேன் என்று நின்றதில் டெஸ்ட்டின் ஒரு முழு நாள் போயிற்று. காட்டிங் விரல் நீட்டிப் பேசியது தவறு, ஐயமில்லை. அந்தத் தவறை அறிக்கையில் எழுதி மேலே அனுப்புவதற்கு ஷகூர் ராணாவுக்கு வழி இருந்தது. தன் மானத்தை ஆட்டத்துக்கு முன்னால் நிறுத்தியபோது, இருவரில் யார் தவறு செய்தார் என்பதே பிறகு மங்கிப்போயிற்று.

இதையெல்லாம் புதுச்சேரி யூனியன் பிரதேசத்தைச் சேர்ந்த காரைக்காலுக்குக் கொண்டுவந்து பார்த்தால் இங்கே சிக்கல் ஒருபடி கூடுதல். வடக்கே பூவத்தைத் தாண்டினால் தமிழ்நாடு, தெற்கே வாஞ்சூரைத் தாண்டினால் நாகூர். ஆட்டத்துக்கு இந்த எல்லை கிடையாது. திருநள்ளாற்றிலோ திருமலைராயன்பட்டினத்திலோ ஒரு தொடர் என்றால் மயிலாடுதுறை, நாகை, திருவாரூர்ப் பக்கத்து அணிகள் வந்து ஆடுகின்றன, நடுவர்களும் அப்படியே வருகிறார்கள். நிர்வாகத்துக்கு எல்லை உண்டு. ரஞ்சிக் கோப்பையோ சந்தோஷ் கோப்பையோ, காரைக்கால் பையன் புதுச்சேரி அணிக்குத்தான் ஆட வேண்டும். பக்கத்து ஊர்ப் பையன் தமிழ்நாட்டுக்கு. ஆக, தமிழ்நாட்டு அணியின் ஆட்டக்காரர் ஒருவர் இங்கே ஆட்டம் முடிந்தபின் நடுவரைத் தள்ளிவிட்டால், நடுவர் எழுதும் அறிக்கை எந்தச் சங்கத்துக்குப் போகும்? அவரை அடுத்த ஆட்டத்தில் நிறுத்தி வைக்க யாருக்கு அதிகாரம்? புதுச்சேரி நூற்று முப்பது கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கிறது. அங்குள்ள சங்கத்தின் தடை எல்லையிலுள்ள நந்தலாற்றுக்கு அப்பால் செல்லாது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய தேசிய விளையாட்டு ஆளுகைச் சட்டம் விளையாட்டுத் தகராறுகளுக்கென்று ஒரு தீர்ப்பாயத்தை அமைக்க வழி செய்திருக்கிறது. அது கூட்டமைப்புகள் அளவிலான வழக்குகளுக்கு உதவும். ஊர்த் தொடரின் அரையிறுதிக்கு அது இறங்கி வராது. இங்கே மிஞ்சியிருப்பது விழாக்குழு மட்டும்தான். அந்தக் குழு உள்ளூர் அணியை நடத்துகிற அதே ஆட்களாகவும் பல நேரம் இருக்கும். நடுவரின் தீர்ப்பைக் குழு மேசையில் வைத்து மாற்றுவது ஓவலில் ஐ.சி.சி. செய்த அதே காரியம். பந்தலும் டியூப்லைட்டும் இருப்பதால் அது சின்னத் தவறாகிவிடாது.

இதற்கு ஊர்ப்பக்கம் ஒரு பதில் வரும்: இது திருவிழா ஆட்டம், உறவு கெடாமல் பேசி முடிப்பதுதான் வழக்கம், தாளும் கையெழுத்தும் பெரிய ஊர்க்காரர்களுக்கு. பேசி முடிப்பதன் அருமையை மறுக்க முடியாது. ஆனால் பேசி முடித்ததாகச் சொல்லப்படும் பல தகராறுகள் அடுத்த ஆண்டுத் தொடரில் அதே இரு அணிகள் எதிரெதிரே நிற்கும்போது முதல் பத்து நிமிடத்திலேயே எழுந்துவிடும். எழுதி வைக்காத சமாதானத்தை ஒவ்வொருவரும் அவரவர் வசதிக்கு நினைவு வைத்துக்கொள்கிறார்கள். தவிரவும், பேசி முடிக்கும் கூட்டத்தில் குரல் சிறுத்தவர் நடுவர்தான். வெளியூரிலிருந்து சொற்பத் தொகைக்கு வந்தவர், இரவு எப்படித் திரும்புவது என்ற யோசனையில் இருப்பவர், தலையாட்டிவிட்டுப் போகத்தான் பார்ப்பார். இங்கே காரைக்காலின் பழைய உறவு ஒன்று நினைவுக்கு வருகிறது. 1739இலிருந்து பெரும்பாலான காலம் பிரெஞ்சுக்காரர்களிடம் இருந்து 1954 நவம்பர் 1 அன்று இந்தியாவோடு சேர்ந்த ஊர் இது. இன்றும் பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள குடும்பங்கள் இங்கே உண்டு. அந்தப் பிரான்ஸில் 2006 அக்டோபர் 23 அன்று ஒரு சட்டம் வந்தது. விளையாட்டு நடுவரைப் பொதுப்பணியில் இருப்பவராகக் கருத வேண்டும், பணியின் பொருட்டு அவர் மேல் கைவைத்தால் பொதுப்பணியாளர் மேல் கைவைத்ததற்கான கூடுதல் தண்டனை என்கிறது அது. அதே சட்டம் அவர் சுதந்திரமாகவும் பக்கச்சார்பில்லாமலும் நடக்க வேண்டும் என்றும் சொல்கிறது. இந்தியாவில் நடுவருக்கென்று அப்படித் தனிப் பாதுகாப்பு இல்லை; யாரை அடித்தாலும் என்ன வழக்கோ அதுதான்.

சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டியதும் இல்லை. விழாக்குழு உரிமை பற்றிய வரியை எடுத்துவிட்டு, எதிர்ப்பை உடனே கேப்டன் மட்டும் சொல்ல வேண்டும், ஆட்டம் முடிந்து கால்மணி நேரத்துக்குள் ஸ்கோர் ஷீட்டில் எழுத வேண்டும் என்ற வரியை நோட்டீஸில் போட ஒரு காசு கூடுதலாகாது. கார்பன் தாள் வைத்து மூன்று பிரதி எடுத்தால் ஒன்று குழுவுக்கு, இரண்டு அணிகளுக்கு. முறைகேடாக நடந்தவர் பெயரை நடுவர் அதிலேயே எழுதினால், பூவத்துக்கு அப்பால் நடக்கும் அடுத்த தொடரின் குழு அதைக் கேட்டு வாங்கிப் பார்த்து, அவரைச் சேர்ப்பதா வேண்டாமா என்று முடிவு செய்யலாம். சங்கங்களால் தாண்ட முடியாத எல்லையை ஒரு தாள் தாண்டிவிடும். நடுவருக்கான தொகையை முடிவு தெரிவதற்கு முன்பே, இடைவேளையில் கொடுத்துவிட வேண்டும். தோற்றவர் கோபமோ வென்றவர் மகிழ்ச்சியோ அதில் கலக்கக் கூடாது. பரிசளிப்புக்கு நாற்காலி போடும் நேரத்தில் அவரைத் தனியே விட்டுவிடாமல், தாள்களில் கையெழுத்து வாங்கியதும், பைக்கில் ஓர் ஆளோடு அனுப்பி, காரைக்கால் பேருந்து நிலையத்தில் மயிலாடுதுறை வண்டி கிளம்பும்வரை உடன் நிற்கச் சொல்ல வேண்டும்.